போரிவலிக் காட்டில் ஒரு பகல்

மும்பை மாநகரில் காடு உண்டோ என்று கேட்டால், தாராவியிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் நகைப்பர். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று குற்றாலத்தையும் பாபநாசத்தையும் கண்டு வருவதோடு, அவர்களுக்கு மலையும் மரமும் முடிந்து போகின்றன. ஆனால் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் வண்டியேறி ஒரு மணி நேரத்துக்குள் போரிவலியில் இறங்கினால், ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நம் எதிரே நிற்கிறது. சிறுத்தைகள் உலவும் மெய்யான காடு அது. ஒரு பகற்பொழுதில் அங்குச் சென்று திரும்புவது எங்ஙனம் என்பதை, எங்கள் அனுபவத்தைக் கொண்டு அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுதல் முறை. முன்னொரு மார்கழியில் நான்கு குடும்பங்களாகப் புறப்பட்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, ஊராருக்கெல்லாம் வண்டி நேரம் சொல்லும் நாங்களே, அன்றைய மெகா பிளாக் அறிவிப்பைப் பார்க்க மறந்தோம். செம்பூர்க் குடும்பத்தார் குர்லாவில் காத்துக் கிடந்தனர். எல்லோரும் பூங்கா வாயிலை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வாயிலிலிருந்து கன்ஹேரிக் குகைகள் ஆறு கிலோமீட்டருக்கு மேல். உச்சி வெயிலில் நடந்தோம். பாதி வழியிலேயே தண்ணீர் தீர்ந்தது. தாராவியிலிருந்து வந்த எழுபது வயது ஆச்சி ஒருவர் தலைசுற்றி அமர்ந்துவிட்டார். பூங்காவுக்குள் ஓடும் சிறு பேருந்தொன்றில் அவரை ஏற்றிக்கொண்டு, குகையைக் காணாமலே திரும்பினோம். “மாமா, இதுதானா காடு?” என்று ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு அன்று எங்களிடம் விடையில்லை.

அதன் பின்னரே திட்டம் என்பதன் அருமையை உணர்ந்தோம். இரண்டாம் முறை தைத் திங்களில் சென்றோம். மழைக்காலத்தில் காடு பசுமையாய் விளங்கும் என்பது உண்மையே. எனினும் பாறைகளில் பாசி படர்ந்து வழுக்கும். ஓடைகள் திடீரெனப் பெருகும். குழந்தைகளை அழைத்துச் செல்வோருக்கு மார்கழியும் தையுமே ஏற்றவை. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. ஞாயிறாயின், முதல் நாளே பிளாக் அறிவிப்பைப் பார்த்துக்கொள்க. தாராவி அன்பர்கள் மாஹிமில் ஏறலாம். செம்பூர் அன்பர்கள் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறி வரலாம். போரிவலியில் கிழக்குப் பக்கம் இறங்கினால் வாயில் நடக்கும் தொலைவே.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் குடுவையில் இருத்தல் வேண்டும். புளியோதரை நாள் முழுதும் கெடாது. குரங்குகளின் கண்ணில் படாமல் வைத்திருப்பது நம் பொறுப்பு. பிளாஸ்டிக் பை வேண்டா. சிறுத்தையைப் பற்றித் தாய்மார் அஞ்சுவது இயல்பு. கூட்டமாகச் செல்வதும், குழந்தைகளை முன்னும் பின்னும் பெரியவர்கள் காத்து நடப்பதும், ஒதுக்கப்பட்ட பாதையை விட்டு விலகாதிருப்பதும், பொழுது சாயுமுன் வெளியேறுவதும் போதிய காவலாகும். உட்புறப் பாதைகள் சிலவற்றிற்கு முன் அனுமதியும் வழிகாட்டியும் தேவை. அவற்றில் தாமாக நுழைதல் கூடாது.

வழியெங்கும் கார்வி என்னும் செடியைக் காணலாம். நம் நீலகிரிக் குறிஞ்சிக்கு அது உறவு. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுபோல், கார்வி 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்.

கன்ஹேரியில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள் கரும்பாறையில் குடையப்பட்டுள்ளன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம் பௌத்தத் துறவியர் அங்கு வாழ்ந்தனர். மூன்றாம் குகையின் பெரிய சைத்தியமும், அதன் முகப்பில் நெடிதுயர்ந்து நிற்கும் புத்தர் சிலைகளும் கண்டார் உள்ளத்தைக் கவர்வன. தொண்ணூறாம் குகையில், 1009ஆம் ஆண்டிலும் 1021ஆம் ஆண்டிலும் வந்து சென்ற பார்சிகள் பஹ்லவி எழுத்தில் தம் பெயர்களைப் பொறித்துள்ளனர். வேற்று நாட்டிலிருந்து குடிபெயர்ந்தோரின் வழிவந்தவர் இம்மலைக்கு வந்து பெயர் எழுதியதைக் கண்டபோது, எங்களுக்கு ஏதோ உறவு தோன்றிற்று. அறைகளிலுள்ள கல் திண்ணைகள் மதுரை மலைகளின் கற்படுக்கைகளை நினைவூட்டின. ஒவ்வொரு குகையருகேயும் மழைநீரைத் தேக்க வெட்டிய தொட்டியும், அதற்கு நீரைக் கொணரும் வாய்க்காலும் உண்டு. ஒரு மலை முழுதும் மழையைக் கணக்குப் பார்த்து வாழ்ந்திருக்கின்றனர்!

முன்பு மயங்கி விழுந்த அதே ஆச்சி இம்முறையும் விடாது வந்திருந்தார். காலையிற் புறப்பட்டபடியால் மெல்ல நடந்தே குகையை அடைந்தார். தொட்டியருகே அமர்ந்து நீரை நோக்கியவரிடம், இக்காட்டின் தெற்கிலுள்ள விகார் ஏரியைப் பற்றிக் கூறினோம். 1860இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வேரி இந்நகருக்கு முதன்முதல் குழாய்நீர் அளித்தது. அது நிரம்பி வழியும் நீரே மித்தி ஆறாகி, தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கழியில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, அவ்வாறு கரைமீறி ஆச்சியின் வீட்டில் இடுப்பளவு நின்றது.

ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தம்பி, இத்தனை நாளும் அதைச் சாக்கடையென்றே வைது வந்தேன். மலையிலிருந்து நல்லபடியாகத்தான் புறப்படுகிறதா? வழியை அடைத்தவர்கள் நாமல்லவா?” என்றார். முன்னர் கேள்வி கேட்ட சிறுவன் அவரருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாலை நான்கு மணிக்கெல்லாம் வெளியேறினோம். மாஹிம் நெருங்குகையில், பாலத்தின் கீழே கருத்து ஓடும் மித்தியைக் கண்டு மற்றப் பிள்ளைகள் வழக்கம்போல் மூக்கைப் பொத்தினர். அச்சிறுவன் மட்டும் பொத்தவில்லை. “இது நம் காட்டிலிருந்து வருவது” என்றான். நாங்கள் அன்று பெற்ற விடை அதுவே.

அன்பர்களே, இத்தை மாதத்திலேனும் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். தண்ணீரை மறவாதீர்கள், பிளாக் அறிவிப்பையும் மறவாதீர்கள்.