தண்ணீர் இறங்கும் வழி... ஆட்கள் ஏறும் வழி! - தேனி டு குமுளி சாலையின் கதை

கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்வது கோழிகள் அல்ல, ஜீப்கள்தான். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தெருமுனைகளில் இருட்டோடு இருட்டாகத் தூக்குவாளியும் பையுமாகப் பெண்கள் காத்திருப்பார்கள். ஜீப் வந்து நிற்கும். நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை. சாயங்காலம் மறுபடியும் மலை இறங்கி வீட்டுக்கு வந்து, உலை வைக்க வேண்டும்.

அவர்கள் மேலே ஏறும் அதே நேரத்தில், அதே மலையின் வயிற்றுக்குள் குடைந்த சுரங்கம் வழியாக முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் இங்கே வருகிறது. உழைப்பு அங்கே போகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் தேனி - குமுளி சாலையின் மொத்தக் கதையும்.

220 ஆக இருந்து 183 ஆனது

தேனியில் இருந்து குமுளிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திண்டுக்கல் பக்கம் தொடங்கி வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம் வழியாகக் குமுளியில் கேரளத்துக்குள் நுழைந்து, கோட்டயம் தாண்டி கொல்லம் வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 183-ன் ஒரு துண்டு இது. நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்கள் மாற்றப்படுவதற்கு முன்பு இதன் எண் 220.

வேறு ஊர்களில் சாலை என்பது பல வழிகளில் ஒன்று. கம்பத்துக்கு அப்படி இல்லை. இங்கே ரயில் கிடையாது. மதுரையில் இருந்து வரும் தண்டவாளம் தேனியைத் தொட்டுவிட்டு போடிநாயக்கனூருக்குத் திரும்பிவிடுகிறது. அந்தப் பாதையும் அகலப்பாதைப் பணிக்காக 2010 முடிவில் மூடப்பட்டு, 2022-ல் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும்தான் மீண்டும் ரயிலைப் பார்த்தது. திண்டுக்கல்லில் இருந்து கம்பம் வழியாக லோயர்கேம்ப் வரை ரயில் பாதை வேண்டும் என்பது இந்தப் பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. அது நிறைவேறும் வரை பிரசவமோ, படிப்போ, வாழைத்தாரோ, எல்லாம் இந்தச் சாலையில்தான் போய்வர வேண்டும்.

வீரபாண்டி முதல் கம்பம் வரை

தேனியைத் தாண்டியதும் முதலில் வருவது வீரபாண்டி. முல்லை ஆற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழா நாள்களில் அக்கினிச் சட்டி ஏந்தி வரும் கூட்டத்தில் ஆறும் சாலையும் ஒன்றாகிவிடும்.

கோட்டூர், சீலையம்பட்டி தாண்டி சின்னமனூர். சுற்றிலும் வாழையும் நெல்லும். வரலாறு படித்தவர்களுக்கு இந்த ஊரின் பெயர் வேறு விதத்தில் தெரிந்திருக்கும். பாண்டியர் வரலாற்றை எழுத முக்கிய ஆதாரமாக இருக்கும் சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைத்தது இங்கேதான். மேகமலைக்குப் போகிறவர்கள் இந்த ஊரில் இருந்துதான் இடது பக்கம் பிரிய வேண்டும்.

அடுத்து உத்தமபாளையம். 'தென் காளஹஸ்தி' என்று சொல்லப்படும் திருக்காளாத்தீஸ்வரர் கோயில், பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், 1956-ல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி. மூன்று சமயங்களின் அடையாளமும் ஒரே சின்ன ஊரில். இங்கிருந்து வலது பக்கம் பிரியும் சாலையில் போனால் நாய்களுக்குப் பேர்போன கோம்பை. அதையும் தாண்டினால் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம்.

உத்தமபாளையம் தாண்டியதும் காட்சி மாறுகிறது. அனுமந்தன்பட்டி, புதுப்பட்டி பக்கம் பந்தல் பந்தலாகத் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கே ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். அதனால் வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கும். கம்பத்தில் இருந்து பிரிந்து போனால் சுருளி அருவி. யானை நடமாட்டமோ வெள்ளமோ இருந்தால் வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும் என்பதால், கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

மாட்டு வண்டிகள் போன தடம்

இவ்வளவு பச்சைக்கும் காரணமான தண்ணீர் வந்த கதையைச் சொல்லாமல் இந்தச் சாலையைச் சொல்ல முடியாது.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்புவதுதான் திட்டம். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887-ல் வேலை தொடங்கியது. பொறுப்பாளர், ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக்.

அப்போது பக்கத்தில் இருந்த ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர். இன்றைய கொடைரோடு. ஐரோப்பாவில் இருந்து வந்த இயந்திரங்களும் தளவாடங்களும் அங்கே இறங்கி, பள்ளத்தாக்கின் நீளம் முழுக்க மாட்டு வண்டிகளில் வந்தன. மலையடிவாரத்தில் இருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி மேலே ஏறின. காட்டில் மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துப்போனதும் உண்டு. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. 5,000 அடிக்கும் மேல் நீளமான சுரங்கம் வழியாக முதல் தண்ணீர் பள்ளத்தாக்குக்கு வந்தது.

இன்றைக்கு அந்தத் தண்ணீர் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்குப் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைய அதுதான் ஆதாரம்.

அதனால்தான் பென்னிகுவிக் பெயர் இங்கே பாடப்புத்தகப் பெயராக இல்லாமல், வீட்டுப் பெயராக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் உண்டு. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 பொங்கலோடு சேர்ந்து வருவதால், அவருக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் அவருக்கான மணிமண்டபத்தை 2013 ஜனவரி 15-ல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்தார்.

அந்த 6 கிலோமீட்டர்

கூடலூரைத் தாண்டினால் லோயர்கேம்ப். அணை கட்டியவர்கள் மலையடிவாரத்தில் போட்ட முகாமின் பெயர், ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டது. இங்கே மேலிருந்து வரும் தண்ணீர் மின்சாரமும் கொடுத்துவிட்டுத்தான் முல்லை ஆறாக ஓடத் தொடங்குகிறது.

லோயர்கேம்ப்பில் இருந்து குமுளிக்கு 6 கிலோமீட்டர் மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகள், மாதா கோயில், வழிவிடும் முருகன் கோயில், இரைச்சல் பாலம் என்று ஓட்டுநர்களுக்கு ஒவ்வொன்றும் ஓர் அடையாளம். மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் மின்நிலையத்தை நோக்கி இறங்குவதைச் சாலையில் இருந்தே பார்க்கலாம். தண்ணீரும் சாலையும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட உரசிக்கொள்ளும் இடம் இது.

அழகான பாதை, ஆபத்தான பாதையும்கூட. 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஐயப்ப பக்தர்களின் வாகனம் ஒன்று இங்கே கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் விழுந்தது. 8 பேர் உயிரிழந்தார்கள். எல்லோரும் தேனி மாவட்டத்துக்காரர்கள். வீட்டுக்கு வர இன்னும் சில மணி நேரமே பாக்கி இருந்தது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்த நெரிசலைக் குறைக்கக் காவல்துறை ஒருவழிப் பாதை அறிவிக்கும். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் கம்பத்திலேயே பிரிந்து கம்பம்மெட்டு வழியாக ஏறும். திரும்பும் வண்டிகள் குமுளி வழியாக இறங்கும். பள்ளத்தாக்கில் இருந்து கேரளத்துக்கு ஏற இப்படி மூன்று வாசல்கள்: குமுளி, கம்பம்மெட்டு, போடியில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் போடிமெட்டு. மூன்றிலும் காலையில் ஏறுவது தோட்டத் தொழிலாளர்களின் ஜீப். கூடவே காய்கறி வண்டிகள். இறங்குவது ஏலக்காய் மூட்டை. ஏலக்காய் விளைவது இடுக்கியில். அது ஏலம் போகும் இரண்டு ஊர்களில் ஒன்று அங்கிருக்கும் புத்தடி என்றால், இன்னொன்று இங்கிருக்கும் போடிநாயக்கனூர்.

கதவு மூடிய நாள்கள்

குமுளியில் ஒரே கடைவீதிதான். நடுவில் ஒரு சோதனைச்சாவடி. இந்தப் பக்கம் தமிழ்ப் பலகை, அந்தப் பக்கம் மலையாளப் பலகை. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டம் பலிக்கவில்லை. அணை இருக்கும் மண் கேரளத்தில். அணையின் தண்ணீர் தமிழகத்துக்கு. அன்று முதல் இந்த வாசலுக்குப் பதற்றம் பழகிவிட்டது.

2011 டிசம்பரில் அது உச்சத்துக்குப் போனது. முல்லைப்பெரியாறு அணை பாதுகாப்பற்றது, புது அணை வேண்டும் என்ற குரல் கேரளத்தில் வலுக்க, எல்லையில் மோதல் வெடித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பயந்துபோய் மலை இறங்கினார்கள். கம்பம், கூடலூரில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி ஊர்வலமாகத் திரண்டார்கள். 144 தடை உத்தரவு வந்தது. சாலை அடைபட்டது. சபரிமலை சீசன் என்பதால், பக்தர்கள் செங்கோட்டை வழியாகச் சுற்றிப் போனார்கள்.

ஏலக்காய் பறிக்க ஆள் இல்லாமல் அங்கே தோட்டங்கள் நின்றன. கூலி இல்லாமல் இங்கே அடுப்புகள் நின்றன. இந்தப் பக்கத்துக் காய்கறி அந்தப் பக்கம் போகவில்லை. சண்டை யாருக்கு யாரோடு என்பது வேறு விஷயம். இழப்பு மட்டும் சரிபாதியாக இருந்தது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குகள் இன்னும் முழுதாக ஓயவில்லை என்றாலும், ஜீப்கள் எப்போதோ ஓட ஆரம்பித்துவிட்டன.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது மறுபடியும் அதே கதவு மூடியது. இந்த முறை கோபம் இல்லை, பயம் மட்டும். தினமும் போய்த் தினமும் திரும்பும் தொழிலாளிக்கு இ-பாஸ், தனிமைப்படுத்தல் எல்லாம் எப்படிப் பொருந்தும்? மாதக்கணக்கில் அவர்கள் மலையைக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்க மட்டுமே முடிந்தது.

பாஸ் கேட்காத பயணிகள்

இந்த எல்லையை மதிக்காத ஒருவர் 2023 மே 27-ல் கம்பம் நகருக்குள் வந்தார். அரிக்கொம்பன்! இடுக்கி சின்னக்கானலில் பிடித்து, பெரியார் புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அந்த யானை, மலை இறங்கித் தெருக்களில் ஓடியது. வாகனங்கள் நொறுங்கின. யானை தாக்கிக் காயமடைந்த ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். யானைக்குத் தெரிந்த காட்டில் மாநில எல்லை என்று ஒன்று இல்லை.

எல்லையைக் கொஞ்ச நேரம் மறக்கவைக்கும் ஒரு நாள் மனிதர்களுக்கும் உண்டு. மலை உச்சியில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும். குமுளியில் இருந்து ஜீப்பிலும், லோயர்கேம்ப் அருகே பளியன்குடியில் இருந்து காட்டுப்பாதையில் நடந்தும் போகலாம். இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்வார்கள். இரண்டு மாநில மக்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

யாருக்கான சாலை?

சமீப ஆண்டுகளில் ஊர்களைச் சுற்றிப் புறவழிச்சாலைகள் வந்துவிட்டன. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடைவீதிகளில் சிக்காமல் தேக்கடி சுற்றுலாப் பயணி சர்ரென்று போய்விடலாம். ஆனால் இந்தச் சாலையைத் தினமும் நம்பியிருப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப்பில், நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரத்தில், மலை வளைவுகளில் ஏறும் பெண்கள். விபத்து நடக்கும்போது சோதனை தீவிரமாகும். பிறகு கூட்டம் மறுபடியும் ஏறும்.

தண்ணீர் பாதுகாப்பாக இறங்கிவர 130 ஆண்டுகளுக்கு முன்பே மலையைக் குடைந்து வழி செய்தார்கள். அந்தத் தண்ணீருக்குப் பதிலாக மேலே போகும் உழைப்பு, பாதுகாப்பாகப் போய்த் திரும்ப ஒரு வழி செய்வது அதைவிடக் கஷ்டமான வேலை அல்ல. அடுத்த முறை தேக்கடிக்குப் போகும்போது எதிரில் ஒரு தொழிலாளர் ஜீப் வந்தால், கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காயைப் பறித்த கைகள் அதற்குள் இருக்கலாம்.