உயர்ந்தால் போதுமா?

மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு வண்டி ஆடம்பரப் பொருளன்று. வருசநாட்டிற்கு மேலே உள்ள அரசரடி, இந்திரா நகர் போன்ற சிற்றூர்களுக்கு ஜீப்பை விட்டால் வேறு துணை ஏது? இலவம் பஞ்சு இறங்குவதும் அதில்தான். அரிசி மூட்டை ஏறுவதும் அதில்தான். பிரசவ வலி கண்ட பெண் மருத்துவமனைக்கு வருவதும் அதில்தான். என் தந்தையார் அத்தகைய ஜீப் ஒன்றின் ஓட்டுநர். நானோ விடுமுறை நாட்களில் கடமலைக்குண்டில் மாமாவின் பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பவன்.

எங்கள் பழைய ஜீப்புகளுக்கு முன்னும் பின்னும் கமான் பட்டைதான். எடையைத் தாங்குவதும் அதுவே. அச்சு விலகாமல் பிடித்திருப்பதும் அதுவே. 2020இல் வந்த புதிய தார் வண்டியின் முன்பக்கம் அப்படியன்று. அங்கே எடையைச் சுருள் ஸ்பிரிங் தாங்கும். ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும். கண்ட்ரோல் ஆர்ம் என்பது இவற்றின் பெயர். சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

சென்ற கோடையில் அத்தகைய தார் ஒன்று பட்டறைக்கு வந்தது. பாறை தட்டாமலிருக்க 5 செ.மீ. உயர்த்தப்பட்ட வண்டி. பார்வைக்குக் கம்பீரம்! ஓட்டி வந்தவரோ, "நேர் ரோட்டிலேயே ஸ்டீயரிங் அலையுதுண்ணே" என்றார். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "வண்டியைத் தூக்கிட்டீங்க, கையை மாத்தலையே" என்றார்.

அந்த ஒரு வரியில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. 30 செ.மீ. நீளக் கை ஒன்று கிடைமட்டமாக இருப்பதாகக் கொள்வோம். வண்டி 5 செ.மீ. உயர்ந்தால் கை சுமார் பத்துப் பாகை கீழ்நோக்கிச் சாயும். அதன் வெளிமுனை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உள்ளே வரும். மேல்கையும் கீழ்க்கையும் ஒரே நீளமாக இல்லாதபோது இரண்டும் ஒரே அளவு உள்ளிழுப்பதில்லை. சக்கரத்தின் சாய்வு மாறுகிறது. டயரின் ஓரம் தேய்கிறது. பால் ஜாயிண்ட் தன் எல்லை வரை வளைந்து நிற்கிறது. திரும்பிய சக்கரம் தானே நேராகும் குணமும் குறையக்கூடும்.

உயரத்திற்கேற்ற மேல்கைகளை அவர் வாங்கி வந்ததும் வேலை தொடங்கியது. சேசிஸுக்கு அடியில் தாங்கி கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினோம். ஸ்பிரிங் தள்ளிவிடாதபடி கீழ்க்கைக்கு ஜாக்கி வைத்தோம். பிரேக் குழாய் இழுபடாதிருக்கச் சக்கரத் தாங்கியைக் கயிற்றால் கட்டினோம். பழைய கை போய்ப் புதிய கை ஏறியது. புஷ் போல்ட்டை முழுவதும் முறுக்கப் போனேன். "பொறு தம்பி! வண்டி தரையில நின்னு தன் பாரத்தைத் தாங்கட்டும். அப்புறம் முறுக்கு" என்றார் மாமா.

ஏன்? புஷ்ஷின் உள்குழலுக்கும் வெளிக்குழலுக்கும் இடையே ஒட்டியிருப்பது ரப்பர். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது எந்நேரமும் முறுக்குண்டே கிடந்து விரைவில் கிழியும். நம் ஆய்வகத்தில் முறுக்கு ஊசலை ஆட்டி நாம் படிப்பதும் இதைத்தானே! எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட மாமா இதைக் கையால் கற்றிருக்கிறார். கடைசியில் வீல் அலைன்மெண்ட் பார்த்த பிறகே வண்டி மலையேறத் தகுதி பெற்றது.

கமான் பட்டை ஜீப்பிலும் கூடுதல் பட்டை சேர்த்து உயர்த்தினால் அச்சின் கோணம் மாறக்கூடும். மலை வளைவில் ஸ்டீயரிங் ஒரு சாண் அலைந்தால் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். உள்ளே இருப்போர் நம் உறவினர்கள்! ஆகவே இயற்பியல் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமதரையும் நூலும் தூக்குக்குண்டும் அளவுகோலும் இருந்தால் சக்கரச் சாய்வை ஓரளவு அளந்துவிடலாம். ஒரு விடுமுறை நாளில் நம் ஊர் ஜீப்புகளை வரிசையாக நிறுத்தி அளப்போமா? குறை தெரிந்தவற்றைப் பட்டறைக்கு அனுப்புவோம்.

எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்பிற்கு வந்த முதல் ஆள் நான். கல்வி என்னை உயர்த்துகிறது என்கிறார்கள், மகிழ்ச்சியே. உயர்ந்த பின்னும் தரையைச் சரியாகப் பற்றி நிற்கும் கைகள் வேண்டும். அந்த ஜீப்புகளை அளப்பதிலிருந்து நான் தொடங்க விரும்புகிறேன்.