ஏரோது யூதனா?

ரோமர் துணையோடு ஏரோது எருசலேமுக்கு வெளியே பாளையம் இறங்கியபோது, யூதரின் ஹஸ்மோனிய வம்சத்து அரசன் அந்திகோனு மதிலுக்குள்ளிருந்து அவனை 'அரை யூதன்' என்று ஏசினான். சொல்பவர் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். ஏரோதின் தகப்பன் அந்திப்பாத்தர் யூதேயாவுக்குத் தெற்கே இருந்த இதுமேயாவைச் சேர்ந்தவன், தாய் அரபுக் குடும்பத்துப் பெண். கி.மு. 40இல் ரோம் மேலவைதான் அவனுக்கு ராஜ பட்டம் கொடுத்திருந்தது.

ஓய்வுநாள் பள்ளிக்குப் பாடம் தயாரிக்கும்போதுதான் இதைப் படித்தேன். இதுமேயர் யூதரானது எப்படி என்று தேடிப் போனேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் யோவான் ஹிர்க்கானு அவர்கள் நாட்டைப் பிடித்து, விருத்தசேதனம் செய்துகொண்டால் இருக்கலாம், இல்லையேல் கிளம்பலாம் என்றான். அந்த ஹிர்க்கானு வேறு யாருமல்ல, அந்திகோனுவின் கொள்ளுத் தாத்தா. உள்ளே இழுத்தவன் வம்சமே 'நீ பாதிதான்' என்கிறது.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. என் அம்மா கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். தலை நரைத்த பின்னும் எங்கள் சபையில் சிலருக்கு அவர் 'வெளியிலிருந்து வந்தவங்க'தான். பெண்கள் கூட்டத்தில் ஜெபம் ஏறெடுக்க அவரைக் கூப்பிடவே மாட்டார்கள். அம்மா வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் உள்ளுக்குள் கொதிப்பேன்.

ஏரோதும் யூத முறைமைகளை மதித்த இடங்கள் உண்டு. அவன் தன் முகத்தை நாணயத்தில் பொறிக்கவில்லை. அவன் தங்கையைப் பெண் கேட்ட நபாத்தேயன் விருத்தசேதனத்துக்கு மறுத்ததால் அந்தச் சம்பந்தமே நின்றுபோனது. தேவாலயத்தைப் புதுப்பிக்கையில், பரிசுத்த இடத்தில் மற்றவர் கால் படக்கூடாதென்று ஆசாரியர்களுக்கே கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தான். அதே ஆள் செசரியாவில் அகஸ்துவுக்குக் கோயில் கட்டினான். மனைவி மரியம்னேயையும் பெற்ற மகன்கள் மூவரையும் கொன்றான். அவனை வெறுக்க இந்தக் கொலைகள் போதும். இதுமேய ரத்தத்தை ஏன் இழுக்க வேண்டும்? யூதர் 800 பேரைச் சிலுவையில் அறைந்த அலெக்சாந்தர் யன்னேயு சுத்த ஹஸ்மோனியன், பிரதான ஆசாரியனும்கூட.

யூத ரபிமாரின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு சம்பவம் வருகிறது. அகிரிப்பா ராஜா ஜனங்கள் முன் நியாயப்பிரமாணம் வாசிக்கிறான். அந்நியனை ராஜாவாக வைக்கக்கூடாது என்ற இடம் வந்ததும் கண்ணீர் விடுகிறான். பயப்படாதே, நீ எங்கள் சகோதரன் என்று கூட்டம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இவன் ஏரோதின் பேரன் முதலாம் அகிரிப்பா என்பதே பெரும்பாலோர் கருத்து.

உங்கள் சபையிலும் வந்து சேர்ந்தவர்கள் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் ஜெபம் செய்ய அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.