ஐம்பது துப்பாக்கிகள்

அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில் குண்டு துளைத்த சுவரில் தழும்புகளைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் அங்கேதான் கூடுகிறார்கள். இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: குண்டு பட்ட இடத்தைப் பார்த்தாயிற்று, அது புறப்பட்ட இடத்தையும் போய்ப் பாருங்கள். நுழைவாயில் பக்கம் அதற்கும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள்.

1919 ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். ரௌலட் சட்டத்தையும், சத்யபால், கிச்லு ஆகிய தலைவர்களின் கைதையும் கண்டிக்கக் கூடியவர்களோடு, திருவிழாவுக்கு வந்த கிராமத்து ஜனங்களும் அந்த மைதானத்தில் இருந்தார்கள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜெனரல் டயர் எச்சரிக்கை எதுவும் விடாமல் சுடச் சொன்னார். பத்து நிமிடம், 1650 குண்டுகள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379. காங்கிரஸ் விசாரணை ஆயிரத்தை ஒட்டிச் சொன்னது. மைதானத்துக்குள் நுழையும் சந்து குறுகலாக இல்லாதிருந்தால் கவச வண்டிகளின் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருப்பேன் என்பதை அரசு அமைத்த ஹண்டர் விசாரணைக் குழுவின் முன் டயரே ஒப்புக்கொண்டார். 2021-இல் புதுப்பித்தபோது அந்தச் சந்தின் சுவர்களில் சிற்பங்களை வைத்துவிட்டார்கள். வெறுஞ்சுவராகவே விட்டிருக்க வேண்டும்.

டயரைச் சபித்துவிட்டு வெளியே வருவது சுலபம். ஆனால் அவர் ஒருவரா சுட்டார்? துப்பாக்கி பிடித்தவர்கள் ஐம்பது பேர். கூர்க்காக்களும் இந்தியச் சிப்பாய்களும். பிறகு லண்டனில் பிரபுக்கள் சபை டயருக்குப் பரிந்து வாக்களித்தது. ஒரு பத்திரிகை அவருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் நன்கொடை திரட்டியது. பணம் அனுப்பியவர்கள் எல்லாரும் அரக்கர்கள் அல்லர், பிள்ளைகுட்டிக்காரர்கள். நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவன் நான். 'மேலிடத்து உத்தரவு' என்று சொல்லிக்கொண்டு நல்ல மனிதர்களே ஏழைகளின் வயிற்றில் அடித்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

துப்பாக்கிச் சூடு நடந்த அதே இரவில் ரத்தன் தேவி என்ற பெண், பிணக்குவியலுக்குள் தன் கணவரின் உடலைத் தேடிக் கண்டெடுத்தார். ஊரடங்கு. தூக்க உதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. நாய்களை விரட்ட ஒரு கழியைக் கையில் வைத்துக்கொண்டு, விடியும்வரை அந்த உடலருகே உட்கார்ந்திருந்தார். யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை.

பொற்கோயிலுக்குப் போகிறவர்கள் ஜாலியன்வாலா பாக்கையும் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள், நடந்தே போய்விடலாம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். டயரின் பெயரை அவர்கள் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடுவார்கள். அந்த ஐம்பது பேரைப் பற்றியும் ரத்தன் தேவியைப் பற்றியும் நீங்கள் சொல்லுங்கள்.