சந்நிதியில் சொன்ன பெயர்



வடமராட்சியில், தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக் கரையில் இருக்கிறது செல்வச்சந்நிதி முருகன் கோவில். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மகளிர் குழுவைச் சேர்ந்த 18 பேருடன் கிளிநொச்சியிலிருந்து விடியமுன் வானில் புறப்பட்டு, ஆனையிறவைக் கடந்து அங்கு சென்றேன்.

வழியில், பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "பிள்ளை, எனக்கு மந்திரமும் தெரியாது, தேவாரமும் மறந்துபோச்சு. என்னத்தைச் சொல்லிக் கும்பிடுறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சந்நிதியிலே மந்திரம் ஓதுவதில்லை. பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மௌனமாக வேலுக்குப் பூசை செய்கிறார். கதிர்காமத்திலும் இதே முறைதான். உள்ளே மௌனம், வெளியே "முருகா", "அரோகரா" என்ற முழக்கம். 'அர அரா' என்னும் சிவநாமமே அடியார் வாயில் 'அரோகரா' ஆயிற்று என்பர். பெயரைச் சொல்லத் தெரிந்தால் போதும். வேறு படிப்பு வேண்டியதில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் அமர்ந்தோம். அங்கே சில பெண்கள் 108 போற்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முருகனின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் "போற்றி" என்றார்கள். கந்தன், குமரன், கடம்பன், வேலன் எனப் பெயர்கள் நீண்டன. நாங்களும் சேர்ந்துகொண்டோம். அம்மாவின் உதடுகள் முதலில் சத்தமின்றி அசைந்தன. பிறகு குரல் வந்தது. ஒரு பெயர் வந்தபோது, முன்னால் சொன்னவரோடு சேர்ந்து தானும் அதை உரத்துச் சொன்னார். உடனே அழத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கோவிலை 'அன்னதானக் கந்தன்' என்றும் அழைப்பார்கள். மடத்தில் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அம்மா காரணத்தைச் சொன்னார். 2009 இல் வன்னியில் காணாமற்போன அவரது மகனின் பெயர் அது.

"அதுக்குப் பிறகு நான் அந்தப் பேரைச் சொன்னதில்லை, பிள்ளை. விண்ணப்பத்திலயும் மகள்தான் எழுதுவாள். இண்டைக்கு எல்லாரும் சேர்ந்து என்ர பிள்ளையைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது."

எங்கள் ஊர்களில் பிள்ளைகளுக்குக் கடவுளின் பெயரை வைக்கிறோம். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் கடவுளையும் கூப்பிட்டதாகட்டும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அன்று அந்த அம்மாவுக்கு அது மறுபக்கமாக நடந்தது.

கூட்டு வழிபாடு மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று சமூகவியலில் படித்தேன். ஆனால், வாய்க்குள் அடைத்து வைத்த பெயரையும் அது வெளியே கொண்டுவரும் என்பதை அந்த மண்டபத்தில்தான் கண்டேன். 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தங்கள் போராட்டத்தைத் தொடங்கியதும் ஒரு முருகன் வாசலில்தான். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில்.

பெயரைச் சொன்னதால் பிள்ளை வந்துவிடுவான் என்று நான் எழுதமாட்டேன். அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால், திரும்பி வரும்போது மகனின் குறும்புகளைப் பெயர் சொல்லியே எங்களுக்குச் சொன்னார். ஓரிடத்தில் சிரித்தும்விட்டார்.

சகோதரிகளே, உங்கள் அயலிலும் இப்படி ஒரு பெயரை அடக்கி வைத்திருப்பவர் இருக்கலாம். அவர் சொல்ல வரும் நாளில், "அதை மறவுங்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள்.