சிறுவாணித் தண்ணியும் செத்துப்போன பேட்டரியும்

பரீட்சை எல்லாம் முடிச்சுட்டு ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு பதிவு. இந்தத் தடவை யூ.பி.எஸ். பேட்டரி பத்தி. "இதுல எழுத என்னடா இருக்கு"ன்னு ஓடிடாதீங்க... எங்க வீட்ல ஒரு பேட்டரியைக் கொன்ன கதை இது.

2012 மின்வெட்டை கோயமுத்தூர்க்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. சென்னைக்கு 2 மணி நேரம்தான். எங்க பக்கம் பல நாள் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தா அடுத்த மணி நேரம் இருக்காது. அப்பாவோட லேத் பட்டறையே பாதி நாள் ஓடலை. அந்த நிலைமையிலயும் சீட்டுப் பணத்தை எடுத்து, இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரியும் வாங்கினார். நான் அப்போ மூணாங்கிளாஸ். தெருவே இருட்டா கிடக்க, எங்க வீட்ல மட்டும் ஃபேன் சுத்தும். பெருமை தாங்கலை :-)

ஒன்றரை வருஷம்தான். அப்புறம் பத்து நிமிஷம்கூட நிக்கலை. அப்பா கடைக்காரரைக் கூப்பிட்டு, "டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டீங்க"ன்னு சத்தம் போட்டார். அவர் மூடியைத் திறந்து பார்த்துட்டு, "என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?"ன்னார். அம்மா பட்டுனு, "சிறுவாணித் தண்ணிதானுங்க. அதைவிட நல்ல தண்ணி எங்கீங்க இருக்குது?"ன்னாங்க.

எலக்ட்ரிக்கல் படிக்க வந்தப்புறம்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. பேட்டரியில குறையறது வெறும் தண்ணி மட்டும்தான். குழாய்த் தண்ணியோட வர்ற உப்பு, குளோரைடு எல்லாம் உள்ளேயே சேர்ந்து ஈயத் தகட்டை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டர் கேக்கறது அதுக்குத்தான்.

ஆனா தண்ணி மேல மட்டும் பழி போட முடியாது. பேட்டரி தீரத் தீர தகட்டுல லெட் சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏத்தினா கரைஞ்சிடும். அரைகுறையாவே விட்டா இறுகிப் போய், அந்த இடம் அப்புறம் வேலைக்கு ஆகாது. காலியான 150 ஏ.ஹெச். பேட்டரி, 15 ஆம்பியர்ல நிறைய 10 மணி நேரத்துக்கு மேல ஆகும். எங்களுக்குக் கரண்ட் வந்ததோ ஒரு மணி நேரம்! அரை வயித்துக் கஞ்சி ஊத்தி தினமும் மூட்டை தூக்க விட்டிருக்கோம்.

கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்.ல இருக்கற சீல் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தற வேலை இல்லை. அதுக்கு எமன் சூடு. 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால மேஜைக்கடியில, சுவத்தோட ஒட்டி அடைச்சு வைக்காதீங்க. பிரிண்டரை அதுல மாட்டாதீங்க. கரண்ட் போனா ஃபைலை சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்ணிடுங்க, படத்தை முடிச்சுட்டு எந்திரிக்கலாம்னு நினைக்காதீங்க.

போன வாரம் இதையெல்லாம் அப்பாகிட்ட விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் மெதுவா, "பாவம், அந்த மனுசனைக் கண்டபடி திட்டிப்போட்டனே கண்ணு"ன்னார்.