குவிமாடத்தைக் கட்டியவர் யார்?

சென்னைக் கடற்கரையோரம் நிற்கும் சேப்பாக்கம் மாளிகை, ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காக 1768 இல் எழுந்தது. கட்டியவர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளர் போல் பென்பீல்ட் என்பார்கள். நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்களுள்ளும் அவரே முக்கியமானவர். 1855 இல் கடைசி நவாப் பிள்ளையின்றி மௌத்தானார். கம்பனி பட்டத்தை ஒழித்தது. மாளிகை அரசாங்கத்திடம் போயிற்று.

பின்னர் அதில் கைவைத்தவர் மற்றுமோர் ஆங்கிலேயர், றொபேர்ட் பெலோஸ் சிஷோம். 1840 இல் இலண்டனில் பிறந்தவர். மாளிகையின் இரண்டு மஹால்களுக்கும் நடுவே, பழைய பாணிக்கு இசைவாக ஒரு கோபுரத்தை எழுப்பினார். அந்த மாளிகையே அவருக்குப் பள்ளிக்கூடமானது என்று நினைக்கிறேன். பக்கத்தில் 1879 இல் முடிந்த செனட் மண்டபத்தின் குவிமாடங்களைப் பார்த்தால் அது விளங்கும்.

பிறகு சமஸ்தானங்கள் அழைத்தன. திருவனந்தபுரத்தில் கேரளக் கூரைகளைப் பின்பற்றி நேப்பியர் அருங்காட்சியகத்தை அமைத்தார். பரோடா மன்னருக்காகச் சார்ள்ஸ் மான்ட் தொடங்கிய லக்ஷ்மி விலாஸ் மாளிகையை, மான்ட் 1881 இல் இறந்தபின் சிஷோமே 1890 இல் முடித்தார். இந்தப் பாணிக்கு ‘இந்தோ சரசெனிக்’ என்று பெயர். ‘சரசென்’ என்பது ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பெயர். நாம் நம்மை ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை.

மன்னரின் பெயரும் தெரிகிறது, வரைந்தவரின் பெயரும் தெரிகிறது. குவிமாடத்தின் வளைவைக் கடதாசியில் கீறுவது ஒரு வேலை. சாரத்தில் நின்று, செங்கல் செங்கல்லாக அந்த வளைவைக் கொண்டுவருவது இன்னொரு வேலை. அதைச் செய்தவர்களின் பெயர் எங்கே?

என் வாப்பா மேசன். வீரமுனையிலும் சம்மாந்துறையிலும் அவர் சுவர் வைத்த வீடுகள் உண்டு. தமிழர் வீடானாலும் நம்மவர் வீடானாலும் தூக்குக்குண்டு ஒன்றுதான். அந்த வழியால் போகும்போது, “இந்த மூலையப் பாரு மகன், நூல் புடிச்ச மாதிரி நிக்குது” என்பார். வீட்டுக்காரர் “நான் கட்டின வீடு” என்பார். இரண்டு பேர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் உறுதியில் ஒருவர் பெயர்தான் இருக்கும்.

நமது ஊர்ப் பள்ளிவாசல்களிலும் இப்போது குவிமாடங்கள் உயர்கின்றன. திறப்புவிழாக் கல்லில் அதிதிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மேசனுக்கும் ஒரு வரி விட்டால் கல் ஒன்றும் பாரம் தாங்காமல் விழுந்துவிடாது.